உறங்கி எழுந்த கணிப்பொறியும் அறுபட்ட இணைப்பும்

முன்னுரை

உறக்கமும் விழிப்பும் இறைவன் உயிர்களுக்கு வழங்கிய அருட்கொடைகள். வைகறைத் தொழுகைக்கான அழைப்பொலி கேட்டுக் கண் விழிக்கும் மனிதன், விழித்த அந்தக் கணத்திலேயே முழுமையாக இயங்கத் தொடங்கிவிடுவதில்லை. முதலில் புலன்கள் தெளிகின்றன. பின்னர்த் தான் இருக்கும் இடம் நினைவுக்கு வருகிறது. அதன் பின்னரே எழுந்து நடந்து பிறரோடு உரையாடுகிறான். விழிப்பு என்பது ஒரு செயலன்று. ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல செயல்களின் தொடர்.

மாணவர் கையிலும் ஆசிரியர் மேசையிலும் இன்று இடம்பெற்றுவிட்ட மடிக்கணிப்பொறிக்கும் இவ்வுண்மை பொருந்தும். மூடியைச் சாத்தினால் அஃது உறங்குகிறது, திறந்தால் விழிக்கிறது. ஆனால் லினக்ஸ் இயக்குதளத்தைக் கொண்ட சில மடிக்கணிப்பொறிகள் விழித்தபின் ஒரு குறையைக் காட்டுகின்றன. திரை ஒளிர்கிறது; விசைப்பலகை இயங்குகிறது; எழுதிக்கொண்டிருந்த கட்டுரை விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது; கம்பியில்லா இணைய இணைப்பு மட்டும் திரும்புவதில்லை. இதன் காரணத்தையும், காரணத்தை அறிந்து களையும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் துறையில் நிகழ்ந்தது

அரபுத் தமிழ் ஏடுகளை ஆராயும் முனைவர்ப் பட்ட ஆய்வாளர் ஒருவர் நம் துறையில் உள்ளார். தம் தமையனார் பயன்படுத்திய பழைய மடிக்கணிப்பொறியில் லினக்ஸை நிறுவி ஆய்வேட்டை எழுதிவந்தார். மூடியை ஒருமுறை சாத்தித் திறந்தால் இணைப்பு போய்விடும். ஒவ்வொரு முறையும் அவர் கணிப்பொறியை முற்றிலும் நிறுத்தி மீண்டும் தொடங்குவார். ஒருநாள் அவ்வாறு நிறுத்தியபோது, சேமிக்கப்படாதிருந்த நான்கு பக்கங்கள் அழிந்துபோயின. அதன்பின் அவர் மூடியைச் சாத்துவதையே விட்டுவிட்டார். திறந்த கணிப்பொறியை இரு கைகளிலும் ஏந்தியவாறு நூலகத்திலிருந்து துறைக்கு நடந்து வருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

பழுதுநீக்கும் கடை ஒன்றில், கம்பியில்லா அட்டை கெட்டுவிட்டது என்றும், பழைய கணிப்பொறிக்குச் செலவு செய்வதைவிடப் புதியதே வாங்கிவிடலாம் என்றும் கூறினர். உதவித்தொகையை நம்பிப் படிப்பவருக்கு அஃது எளிதில் ஏற்கக்கூடிய அறிவுரை அன்று. அந்த அட்டை கெடவே இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. அஃது எவ்வாறு தெரிந்தது என்பதை உரிய இடத்தில் கூறுவோம்.

லினக்ஸும் எளியோரும்

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டு லினக்ஸின் கருநிரலை உருவாக்கி, எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் இயலுமாறு வெளியிட்டார். இன்று உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் அதன் வளர்ச்சிக்குப் பங்களிக்கின்றனர். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதன் வழிவந்ததே. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தின் வாயிலாகவும் அது மாணவர் இல்லங்களைச் சென்றடைந்தது. விலையின்றிக் கிடைப்பதாலும், பழைய கணிப்பொறியிலும் இயங்குவதாலும் லினக்ஸ் எளியோருக்கு ஏற்றதாக விளங்குகிறது. ஆகவே அதன் சிறு குறைகளைத் தாமே களையக் கற்பது, புதியது வாங்க வசதியில்லாத மாணவருக்குப் பெரிதும் பயன்தருவதாகும்.

உறக்கத்தில் நிகழ்வது யாது?

மடிக்கணிப்பொறியின் மின்சிக்கனத்திற்கென 1992ஆம் ஆண்டு இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் ஏபிஎம் என்னும் நெறிமுறையை வகுத்தன. 1996ஆம் ஆண்டு தோஷிபா நிறுவனமும் சேர்ந்து ஏசிபிஐ என்னும் விரிவான நெறிமுறை வெளியாயிற்று. இன்றைய கணிப்பொறிகளின் உறக்கமுறை பெரும்பாலும் இதனை ஒட்டியதே.

மூடி சாத்தப்பட்டவுடன், உறங்கப்போகிறோம் என்னும் அறிவிப்பு முதலில் மென்பொருள்களுக்குச் செல்கிறது. இணைப்பைப் பேணும் மென்பொருள் அதனைக் கேட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்கிறது. பின்னர் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் அனைத்தும் உறைநிலையில் நிறுத்தப்படுகின்றன. அதன்பின் கருவிகள் ஒவ்வொன்றாக உறங்கவைக்கப்படுகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் நினைவகத்திற்கு மட்டுமே போதிய மின்சாரம் செல்கிறது; செயலி நின்றுவிடுகிறது. புதிய கணிப்பொறிகள் சிலவற்றில் ஆழ்ந்த உறக்கம் இல்லை. செயலி அணையாமல் செயலற்று இருக்கும் மெல்லுறக்கம் மட்டுமே உண்டு.

ஈண்டு ஒன்றை உளங்கொள்ள வேண்டும். கம்பியில்லா அட்டை தனக்கென ஒரு சிறு செயலியையும் நினைவகத்தையும் கொண்டது. தானே ஒரு குட்டிக் கணிப்பொறி எனலாம். அதனை இயக்கும் உள்நிரலை லினக்ஸ்தான் வட்டிலிருந்து எடுத்து அதற்குள் ஏற்றுகிறது. உறக்கத்தில் அட்டைக்கு மின்சாரம் நின்றால் அந்த உள்நிரல் அழிந்துவிடும். விழித்தவுடன் மீண்டும் ஏற்றப்பட வேண்டும். நினைவகம் தன் பாடத்தை மறவாமல் எழுகிறது. கம்பியில்லா அட்டையோ அனைத்தையும் மறந்து எழுகிறது. உறங்கி எழுந்தபின் பிற கருவிகளினும் கம்பியில்லா இணைப்பு மிகுதியாக இடர்ப்படுவதற்கு இஃது ஒரு முதன்மையான காரணமாகும்.

ஐந்து கண்ணிகள்

விழித்தபின் இணைப்பு கிடைப்பதற்கு ஐந்து செயல்கள் முறையாக நிகழ வேண்டும். அவையாவன:

1. அட்டை மின்சாரம் பெற்றுத் தன் இருப்பைக் காட்டுதல்.
2. இயக்கி நிரல் அட்டையோடு பேசி உள்நிரலை ஏற்றுதல்.
3. வானொலி அலையைத் தடுக்கும் பூட்டு திறந்திருத்தல்.
4. இணைப்பு மேலாளர் விழித்து, பழகிய வலையமைப்பைத் தேடி இணைதல்.
5. முகவரியும் வழியும் பெயர்த்தேடலும் கிடைத்தல்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்கடுத்த கண்ணிகளும் பயனற்றுப்போகும். எந்தக் கண்ணி அறுந்தது என்று காண்பதே பழுதாய்வு. நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்தளிக்க வேண்டும் என்பது மருத்துவத்திற்கு மட்டும் உரிய நெறியன்று.

தொடங்குமுன் இரண்டு சொற்கள்

முதலாவது, அதே நேரத்தில் அதே இடத்தில் ஒரு கைப்பேசி அந்த வலையமைப்பில் இணைகிறதா என்று பாருங்கள். இணையவில்லையெனில் குறை கணிப்பொறியில் இல்லை, அலைபரப்பியில் உள்ளது.

இரண்டாவது, கணிப்பொறியை உடனே நிறுத்தித் தொடங்காதீர்கள். அவ்வாறு செய்தால் இணைப்பு வரும். ஆனால் குறை எங்கே இருந்தது என்பதற்கான சான்று மறைந்துவிடும். மறுநாளும் அதே குறை வரும். செய்துகொண்டிருக்கும் பணியை முதலில் சேமித்துவிட்டுப் பின் ஆராயத் தொடங்குங்கள்.

கீழ்வரும் ஆணைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்துள்ளோம். முனையச் சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும். மாற்றம் செய்யும் ஆணைகளுக்கு முன் சுடோ என்னும் சொல்லைச் சேர்த்து, கடவுச்சொல்லை அளிக்க வேண்டும்.

முதற்கண்ணி: அட்டை தெரிகிறதா?

எல்எஸ்பிசிஐ என்னும் ஆணை, கணிப்பொறியின் உள்ளே பொருத்தப்பட்ட கருவிகளைப் பட்டியலிடும். யூஎஸ்பி வழிப் பொருத்தப்பட்ட அட்டையாயின் எல்எஸ்யூஎஸ்பி என்று இட வேண்டும். கணிப்பொறி நன்றாக இயங்கும்போதே இப்பட்டியலை ஒருமுறை எடுத்துக் குறித்துவைத்துக்கொள்வது நலம். உறங்கி எழுந்தபின் அட்டையின் பெயர் பட்டியலில் இல்லையெனில், அது மின்சாரம் பெற்று எழவே இல்லை என்பது தெளிவு. சில வேளைகளில் பட்டியலில் பெயர் இருந்தும், ஆழ்ந்த மின்தடை நிலையிலிருந்து கருவியை மீட்க இயலவில்லை என்னும் செய்தி கருநிரலின் பதிவேட்டில் காணப்படும்.

இந்நிலையில் இயக்கி நிரலை மாற்றிப் பயனில்லை. கணிப்பொறியை நிறுத்தி, மின்னேற்றியைக் கழற்றி, மின்கலம் கழற்றக்கூடியதாயின் அதனையும் எடுத்துவிட்டு, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துப் பின் தொடங்க வேண்டும். மீண்டும் மீண்டும் இக்குறை நேருமாயின், உற்பத்தியாளர் வெளியிட்ட பயாஸ் புதுப்பிப்பு உண்டா என்று காண வேண்டும். அதே கணிப்பொறியில் விண்டோஸும் இருக்குமாயின், அதிலுள்ள விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்திவிடுவது நன்று. அவ்வசதி கணிப்பொறியை முழுமையாக நிறுத்தாது. அதனால் அட்டை அரைகுறை நிலையில் லினக்ஸின் கைக்கு வருவதுண்டு.

இரண்டாம் கண்ணி: இயக்கியும் உள்நிரலும்

அட்டை தெரிகிறது, ஆனால் வலையமைப்புகளின் பட்டியல் வெறுமையாக உள்ளது எனில், கருநிரலின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். டிமெசேஜ் என்று ஒலிக்கும் ஆணை, டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்தெழுத்துகளால் ஆனது. அதன் இறுதிப் பகுதியில் உறக்கமும் விழிப்பும் நேர வரிசையில் பதிவாகியிருக்கும். அட்டையின் இயக்கி பெயரோடு, உள்நிரலை ஏற்ற இயலவில்லை என்றோ, காலக்கெடு கடந்தது என்றோ வரிகள் காணப்பட்டால் குறை இங்கேதான்.

இதற்குரிய எளிய மருந்து, இயக்கியைக் கழற்றி மீண்டும் மாட்டுவதாகும். மாட்ப்ரோப் என்னும் ஆணையோடு கழித்தற்குறியும் ஆர் எழுத்தும் சேர்த்து இயக்கியின் பெயரை இட்டால் அது கழலும். பெயரை மட்டும் இட்டால் மீண்டும் ஏறும். சான்றாக, இன்டெல் அட்டைகளின் இயக்கி ஐடபிள்யூஎல்வைஃபை என்பதாகும். அதன்மேல் ஐடபிள்யூஎல்எம்விஎம் என்னும் துணை இயக்கி அமர்ந்திருக்கும்; பழைய அட்டைகளில் அது ஐடபிள்யூஎல்டிவிஎம் ஆகும். மேலிருப்பதை முதலில் கழற்றினாலன்றி அடியிலிருப்பது கழலாது. அடியிலிருப்பதை ஏற்றினால் மேலிருப்பது தானாகவே ஏறிக்கொள்ளும். இவ்வளவும் செய்வதற்கு எந்தச் சாளரத்தையும் மூட வேண்டியதில்லை.

நம் ஆய்வாளரின் கணிப்பொறியில் அறுந்திருந்தது இக்கண்ணியே. அட்டை பட்டியலில் இருந்தது, பூட்டும் இல்லை, பதிவேட்டில் உள்நிரல் விடையளிக்கவில்லை என்னும் வரி மீண்டும் மீண்டும் காணப்பட்டது. இயக்கியைக் கழற்றி மாட்டியதும் அரை நிமிடத்திற்குள் இணைப்பு திரும்பியது. கெட்டுவிட்டது என்று கைவிடப்பட்ட அட்டை நல்ல நிலையிலேயே இருந்தது.

மூன்றாம் கண்ணி: பூட்டு

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்னும் ஆணை வானொலிப் பூட்டின் நிலையைக் காட்டும். பூட்டு இருவகைப்படும். சாஃப்ட் பிளாக்டு என்பது மென்பொருள் இட்ட பூட்டு. ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று ஆணையிட்டால் திறந்துவிடும். ஹார்டு பிளாக்டு என்பது வன்பொருள் இட்ட பூட்டு. பக்கவாட்டு நெம்புவிசையோ விமானப்பயண விசையோ அதனைத் திறக்கும். மூடியைச் சாத்தும்போதும் திறக்கும்போதும் இவ்விசையின் நிலையைக் கணிப்பொறி தவறாகப் படித்துக்கொள்வதுண்டு. நெம்புவிசையே இல்லாத கணிப்பொறியில் வன்பூட்டு இருப்பதாகச் செய்தி வருமாயின், அந்த உற்பத்தியாளருக்கென அமைந்த விசை நிரலே ஐயத்திற்குரியது.

நான்காம் கண்ணி: இணைப்பு மேலாளர்

பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் இணைப்பைப் பேணுவது நெட்வொர்க்மேனேஜர் என்னும் மென்பொருள். இது 2004ஆம் ஆண்டு ரெட் ஹேட் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. உறங்கும் அறிவிப்பு வந்தவுடன் இணைப்பைத் துண்டித்து, விழிப்பு அறிவிப்பு வந்தவுடன் மீண்டும் இணைப்பது இதன் கடமை. விழிப்பு அறிவிப்பு சென்றடையாவிடில், கணிப்பொறி எழுந்தும் மேலாளர் உறங்கிக்கொண்டே இருப்பார்!

என்எம்சிஎல்ஐ ஜெனரல் என்னும் ஆணையிட்டு, நிலை என்னும் இடத்தில் அஸ்லீப் என்று வந்தால் இதுவே குறை. என்எம்சிஎல்ஐ நெட்வொர்க்கிங் ஆஃப் என்றும், பின்னர் அதனையே ஆன் என்றும் இட்டால் மேலாளர் எழுந்துவிடுவார். எழாவிடில் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் என்பதன்பின் நெட்வொர்க்மேனேஜர் பெயரை இட வேண்டும். இப்பெயரில் என், எம் ஆகிய இரண்டு எழுத்துகள் மட்டும் பேரெழுத்தாக இருத்தல் வேண்டும்.

ஐந்தாம் கண்ணி: முகவரி, வழி, பெயர்

இணைப்புக் குறி தெரிகிறது, பக்கங்கள் திறக்கவில்லை. இதுவே பலரையும் குழப்பும் நிலை. ஐபி அட்ரஸ் என்னும் ஆணை கணிப்பொறிக்கு எண்முகவரி கிடைத்ததா என்று காட்டும். ஐபி ரூட் என்பது வெளியேறும் வழியைக் காட்டும். பிங் ஆணையால் முதலில் அலைபரப்பியின் எண்ணையும், பின்னர் வெளியுலக எண் ஒன்றையும், இறுதியில் ஒரு தளத்தின் பெயரையும் அழைத்துப் பார்க்க வேண்டும். எண் விடையளித்துப் பெயர் விடையளிக்காவிடில், குறை பெயர்த்தேடலில் உள்ளது.

கல்லூரிகளிலும் விடுதிகளிலும் பயனர்பெயரைக் கேட்டு நுழையவிடும் முறை உண்டு. நெடுநேரம் உறங்கி எழுந்தால் அந்த அனுமதி காலாவதியாகியிருக்கும். உலாவியைத் திறந்து மீண்டும் நுழைந்தாலே போதும். இது கணிப்பொறியின் குறையன்று.

இணைப்பு வந்தும் அடிக்கடி அறுபடுகிறது, அல்லது மிக மெதுவாக உள்ளது எனில், அட்டையின் மின்சிக்கன முறையை ஐயுற வேண்டும். நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்பதன் மதிப்பு 3 ஆயின் சிக்கனம் நடப்பில் உள்ளது என்றும், 2 ஆயின் நிறுத்தப்பட்டது என்றும் பொருள். 2 என மாற்றி மேலாளரை மீண்டும் தொடங்கிப் பார்க்கலாம். மின்கலம் சற்று விரைவில் தீரும், இணைப்பு நிலைபெறக்கூடும்.

நிலையான தீர்வு

ஒவ்வொரு முறையும் ஆணையிட்டுக்கொண்டிருத்தல் இயலாது. சிஸ்டம்டி என்னும் அமைப்பு உள்ள லினக்ஸில், சிஸ்டம்-ஸ்லீப் என்று பெயர்கொண்ட அடைவில் ஒரு சிறு நிரலை இட்டு, அதற்கு இயங்கும் உரிமை அளித்தால், உறங்குமுன் ப்ரீ என்னும் சொல்லோடும், விழித்தபின் போஸ்ட் என்னும் சொல்லோடும் அது தானே அழைக்கப்படும். உறங்குமுன் இயக்கியைக் கழற்றவும், விழித்தபின் மாட்டவும் அந்நிரலில் எழுதிவிட்டால் போதும். ஆய்வாளரின் கணிப்பொறியில் நாம் செய்தது இதுவே. நிரல் ஏழு வரிகளுக்கு மேற்படவில்லை.

எனினும் இது கட்டுப்போடுதலே அன்றி நோய் நீக்குதல் அன்று. உண்மையான தீர்வு, கருநிரலையும் உள்நிரல் தொகுப்பையும் புதுப்பிப்பதாகும். புதுப்பித்தபின் சிறு நிரலை ஒருமுறை நீக்கிப் பார்க்க வேண்டும். மாறாக, புதுப்பித்த பின்னரே குறை தோன்றியதாயின், தொடக்கப் பட்டியலில் பழைய கருநிரலைத் தேர்ந்து இயக்கிப் பார்க்கலாம். பழையதில் சரியாகவும் புதியதில் தவறாகவும் இருந்தால், அச்செய்தியைப் பதிவேட்டு வரிகளுடன் அந்த லினக்ஸ் வெளியீட்டாருக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவ்வாறு ஒருவர் எழுதும் குறிப்பால், எங்கோ அதே அட்டையை வைத்திருக்கும் முகமறியாத பலரின் இடர் நீங்குகிறது. விலையின்றிப் பெற்றதற்கு நாம் திருப்பித் தரக்கூடிய நன்றி அதுவே.

முடிவுரை

கணிப்பொறி கெட்டுவிட்டது என்று கூறுவது எளிது. எந்தக் கண்ணி அறுந்தது என்று கேட்பது சற்றுக் கடினம். முதற்கூற்று பணத்தைக் கேட்கிறது. இரண்டாவது பொறுமையைக் கேட்கிறது. நம் மாணவரிடம் பணம் குறைவாக இருக்கலாம். பொறுமையும் அறிவும் குறைவாக இருத்தல் வேண்டா. ஏட்டின் சிதைந்த வரியை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாடம் காணப் பழகிய தமிழ் மாணவர்க்கு, கணிப்பொறியின் பதிவேட்டைப் படிப்பது புதிய கலையன்று. இரண்டிற்கும் வேண்டுவது ஒன்றே. சான்றைத் தேடாமல் முடிவுக்கு வாராமை.

நம் ஆய்வாளர் இப்பொழுது கணிப்பொறியின் மூடியைச் சாத்தி, பையில் இட்டு, தோளில் மாட்டிக்கொண்டு துறைக்கு வருகிறார். ஆய்வேட்டின் இறுதி இயல் எழுதப்பட்டுவருகிறது. மேலும், துறை அலமாரியில் பழுதென்று ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு மடிக்கணிப்பொறிகளை அவரே எடுத்து ஆராய்ந்து வருகிறார். கற்றதைப் பிறர்க்குப் பயன்படுத்தும் இத்தகைய மனத்தை நம் மாணவர் அனைவருக்கும் வல்ல இறைவன் வழங்குவானாக!